அரணை அளக்கும் கோல்

தமிழ்ப் புறத்திணை மரபில் மதிற்போரைப் பற்றி இரண்டு நெறிகள் உண்டு. தொல்காப்பியம் மதிலை வளைப்பவனையும் உள்ளிருந்து காப்பவனையும் உழிஞை என்ற ஒரே திணையில் அடக்கியது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, வளைப்போர்க்கு உழிஞையும் காப்போர்க்கு நொச்சியும் எனப் பிரித்துச் சூட்டியது. பாட்டுக்குத் துறை வகுக்கப் பிந்தியது வசதி. போரின் இயல்பை அறிய முந்தியதே துணை. முற்றுகையில் இரு தரப்பாரும் ஒரே சோதனைக்கு ஆளாகிறார்கள்: யாருடைய சோறும் நீரும் ஆள்களின் உறுதியும் முதலில் தீரும் என்பதே அது. திருக்குறளின் அரண் அதிகாரத்தில் வள்ளுவரும் மதிலின் உயரமும் அகலமும் திண்மையும் சொல்லிவிட்டு, உணவு நிறைந்திருக்கிறதா, உள்ளிருப்போர் நிலைத்து நிற்க இயலுமா என்றும் பார்க்கிறார். கோட்டையைப் பிடிக்கப் பகைவர் கையாளும் வழிகளாக மூன்றைக் காட்டுகிறார்: சூழ்ந்து வளைத்தல், வளைக்காமல் பாய்ந்து தாக்குதல், உள்ளாளைக் கொண்டு கவிழ்த்தல்.

இதெல்லாம் புலவர் வகுத்த இலக்கணம், களத்துக்கு உதவாது என்று சிலர் சொல்லலாம். மதுரைக் கோட்டையின் வரலாறு அதற்கு விடை தருகிறது. மதுரையைத் தன் வசம் வைத்திருந்த யூசுப்கானுக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் 1763இல் மதுரையை முற்றுகையிட்டு, மழைக்காலத்தில் பின்வாங்கின. 1764 ஜூனில் மதில்மேல் ஏறித் தாக்கியவர்களும் விரட்டப்பட்டார்கள். பிறகு வழிகளை அடைத்து உணவை நிறுத்தினார்கள். பசி உள்ளே புகுந்ததும் பிளவும் புகுந்தது. அக்டோபரில் யூசுப்கானின் சொந்த ஆள்களே அவரைப் பிடித்துக் கொடுக்க, 15ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். குறள் சொன்ன மூன்று வழிகளையும் ஒரே கோட்டையில் கண்டோம். முதல் இரண்டும் தோற்ற இடத்தில் மூன்றாவது வென்றது, அதற்கு வழி திறந்தது பசி.

வளைப்பவனும் இந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை. செஞ்சிக் கோட்டையில் மராத்திய அரசர் இராஜாராமை 1690இல் வளைக்கத் தொடங்கிய முகலாயத் தளபதி சுல்பிகர்கான், கோட்டையைக் கைப்பற்ற 1698 வரை காத்திருந்தார். இடையில் மராத்தியக் குதிரைப்படை அவருடைய தானிய வழியை அறுத்ததால், 1693இல் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்கு ஒதுங்க நேர்ந்தது. வளைத்தவரே வளைக்கப்பட்ட இந்நிலையை, இரு தரப்பையும் ஒரே திணையில் வைத்த தொல்காப்பிய நெறிதான் சரியாக விளக்குகிறது.

பீரங்கி வந்தபின் இந்த அளவுகோல் பழசாகிவிட்டது என்பது வலுவான மறுப்பு. 1453இல் ஓட்டோமான் பீரங்கிகள் கான்ஸ்டான்டினோபிளின் மதில்களைத் தகர்த்தது உண்மைதான். ஆனால் பகலில் உடைந்ததைக் காவலர்கள் இரவில் அடைத்து, 53 நாள் நின்றார்கள். அத்தனை நீண்ட மதிலுக்கு ஏறத்தாழ 7,000 பேரே இருந்தது அவர்களின் பெருங்குறை. 1687இல் கோல்கொண்டாவை ஔரங்கசீப்பின் பீரங்கிகளும் வெடிமருந்துச் சுரங்கங்களும் எட்டு மாதம் முயன்றும் பணியவைக்க முடியவில்லை. கைக்கூலி பெற்ற ஓர் அதிகாரி திறந்த கதவு வழியாகவே படை நுழைந்தது. பீரங்கி முற்றுகையை விரைவாக்கியது. முடிவைத் தீர்மானிக்கும் காரணங்களை மாற்றவில்லை.

ஆகவே நம் கோட்டைகளை ஆராய்வோர் மதிலின் உயரத்தோடு நின்றுவிடக் கூடாது. களஞ்சியம் எத்தனை மாதத்துக்குப் போதும், சுனை கோடையில் வற்றுமா, காவலர்க்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா என்பவற்றையும் கேட்க வேண்டும். செயல்திறம் உடையவர் இல்லாவிட்டால் எத்தகைய சிறப்புள்ள அரணும் அரண் ஆகாது என்று வள்ளுவர் அதிகாரத்தை முடித்ததன் பொருளும் அதுவே.