கிருஷ்ண மேனனும் மேலைநாட்டுப் பத்திரிகைகளும்

1950-களில் ஐ.நா. அவையில் இந்தியாவின் குரலாக ஒலித்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். செய்தியாளர்களிடம் அவர் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் போலவே நடந்துகொண்டார். கேள்வியில் குறை கண்டுபிடித்து, கேட்டவரையே மடக்குவார். இத்தனைக்கும் இலண்டனில் பெலிக்கன் நூல்வரிசையின் பதிப்பாசிரியராக இருந்தவர், அச்செழுத்தின் வலிமை அறிந்தவர்.

1956-இல் சூயஸ் படையெடுப்பை உடனே கண்டித்த இந்தியா, ஹங்கேரித் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. அது ஏன் என்று செய்தியாளர்கள் கேட்டது, என் கருத்தில், நியாயமே. பொறுமையாக விளக்க வேண்டிய இடத்தில் மேனன் சுடுசொல்லை நம்பினார். காலனியாதிக்க எதிர்ப்பாளரான அவர்மீது அந்தப் பத்திரிகைகளுக்குக் காழ்ப்பு இருந்தது உண்மைதான்; அதற்குத் தீனி போட்டவரும் அவரே. இழப்பு நாட்டுக்கு. 1957 சனவரியில் காஷ்மீர் பற்றிப் பாதுகாப்பு அவையில் ஏறத்தாழ 8 மணி நேரம் பேசினார். பேச்சின் நீளமும் அவர் மயங்கி விழுந்ததும் இன்றும் பேசப்படுகின்றன. அவர் அடுக்கிய வாதங்களைத் தேடிப் படிப்பவர் சிலரே.