ஓவியத்தில் ஒரு தோன்றா எழுவாய்

இளநங்கையரின் எழில் காட்டும் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் புகழ்வோர் பெரும்பாலும் ஆடையின் மடிப்பையும் அணிகலனின் மினுக்கையும் மேனியின் ஒளியையும் வியந்து அமைவர். அவ்வியப்பு தக்கதே, ஆயினும் ஓவியம் சொல்ல வந்தது யாது என்னும் வினா அதில் விடுபட்டுப் போகிறது. ராஜா ரவிவர்மா 1893இல் தீட்டிய ‘அதோ, அப்பா வருகிறார்’ என்னும் ஓவியம் அவ்வினாவை நம்மிடம் வற்புறுத்திக் கேட்பதாகும்.

வாசுதேவநல்லூரார்க்கு ரவிவர்மா அயலார் அல்லர். மேற்கே தெரியும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூரே அவர் நாடு. நமக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையும் 1956 வரை அந்நாட்டைச் சார்ந்ததே. அவ்வரண்மனைக்கு 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரின் வேலையைப் பார்த்தே அவர் எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைக் கண்டுணர்ந்தார். இவ்வண்ணம் மெல்ல உலரும்; ஆதலின் ஒரு நிறத்தை மற்றொன்றில் எல்லை தோன்றாவாறு குழைக்க இயலும். ஒளி நிழலாக மாறும் இடத்தைக் கண் கண்டுபிடிக்க இயலாமை அதனால் வருவது.

ஓவியத்தில் இளந்தாய் ஒருத்தி வெண்ணிற ஆடையுடன் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். முகம் ஒருபுறம் திரும்பியிருக்கிறது. வருபவரைக் குழந்தைக்குச் சுட்டிக் காட்டுகிறாள். காலருகே உள்ள நாயும் உடன் நிற்கிறது. வருபவரோ படத்தில் இல்லை! அரபு இலக்கணத்தார் ‘ஜாஅ’ என்னும் ஒரே சொல்லுக்குள் ‘அவன்’ என்பது மறைந்து நிற்கிறது என்பர். அதனை ‘ளமீர் முஸ்ததிர்’ என அழைப்பர். தமிழில் தோன்றா எழுவாய் என்கிறோம். இவ்வோவியத்தின் எழுவாயும் அத்தகையதே. தீட்டப்படாத ஒருவரை ஒரு பெண்ணின் பார்வையாலேயே நாம் அறிந்துகொள்கிறோம்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. படத்திலுள்ள மகாபிரபா, ரவிவர்மாவின் மூத்த மகள். ஆக, தீட்டிய கையும் ஒரு தந்தையின் கையே. மகளோ தம்மை நோக்கி நிற்கும் தந்தையை நோக்காது, தன் மகவின் தந்தையை நோக்குகிறாள். தந்தையர் இருவர், இருவரும் சட்டத்துக்கு வெளியே. மணமுடித்துக் கொடுத்த மகளைப் பெற்றவர் பார்க்கும் பார்வை இதனினும் உண்மையாக அமைதல் அரிது.

ஆய்வாளர் ஜி. அருணிமா மலையாள நாட்டின் தாய்வழி மரபு சிதைந்த வரலாற்றை எழுதிய தம் நூலுக்கு இவ்வோவியத்தின் பெயரையே சூட்டினார். தாயகமே குடும்பமாயிருந்த மருமக்கள் தாய நாட்டில், தந்தை தலைவராகும் புதுக் குடும்பத்தின் வருகையை இப்படத்தில் காண்பது பொருத்தமே. எனினும் அது பாதி உண்மை என்பேன். காயல்பட்டினத்து வழக்கம் அறிந்தோர்க்கு மறுபாதி எளிதில் விளங்கும். அங்கே மணமான மகள் தன் வீட்டிலேயே இருப்பாள், மருமகனே வருவார். ‘வருகிறார்’ என்பது விருந்தினர்க்குரிய வினையன்றோ! வாயிலில் நின்று வரவேற்பவளே வீட்டுக்குரியவள்.

தலைப்பு தந்தையைச் சொல்லுகிறது. தூரிகை தாயைச் சொல்லுகிறது. இரண்டினுள் தூரிகையை நம்புவதே ஓவியம் அறிவார்க்கு அழகு.