கடகமும் கோலமும்: முதியோர் இல்லங்களில் நினைவை மீட்கும் கலை

முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்கு நேரம் உண்டு, மாத்திரைக்கு நேரம் உண்டு. காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட பொழுதுதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தப் பொழுதில் பழைய பாட்டொன்றைப் போட்டுப் பேசவைப்பதையும், கோலமாவைக் கையில் கொடுப்பதையும், பனையோலையை மடியில் வைப்பதையும் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். இந்த வேலை இலங்கையில் ஒருவிதமாகவும் இந்தியாவில் இன்னொரு விதமாகவும் வளர்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பது தெரிகிறது.

வயதானவர்கள் பழங்கதை பேசுவதை வெறும் புலம்பலாக மருத்துவ உலகம் நினைத்திருந்த காலத்தில், 1963-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், கடந்துவந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமைக்கு இயல்பான பணி என்று எழுதினார். நினைவுகூர் சிகிச்சைக்கு அது ஓர் அடித்தளம். முதுமை மறதி உள்ளவர்களிடம் நடந்த 22 ஆய்வுகளை 2018-இல் காக்ரேன் மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. பலன்கள் சிறியவை, இடத்துக்கு இடம் மாறுபவை. ஆனாலும் இல்லங்களில் வாழ்வோரிடம் பலன் பரவலாகத் தெரிந்தது என்றது. பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன. இன்று எண்பதைத் தொட்டவருக்கு அது ஏறக்குறைய 1955 முதல் 1975 வரையான காலம். எந்தப் பாட்டைப் போடுவது, எந்தப் படத்தைக் காட்டுவது என்பதை அந்தக் கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தியாவின் பலம் முறைப்படுத்தல். அல்சைமர் நோயாளிகளுக்கான தேசியச் சங்கம் 1992-இல் கேரளத்தில் தொடங்கியது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் மையம், பிரிட்டனில் உருவான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சையைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றிப் பரிசோதித்தது. வாரம் இருமுறை, ஏழு வாரங்கள், மொத்தம் 14 அமர்வுகள். குழந்தைப் பருவம், உணவு, ஒலிகள், கைவினை என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள். பயிற்சி பெற்ற எவரும் எடுத்து நடத்தலாம். ஆனால் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், சுமார் 88 லட்சம் பேர், முதுமை மறதியோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தகைய மையங்களோ பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன.

இலங்கையின் பலம் ஊர்வரை போகும் கட்டமைப்பு. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து, கிராம மட்டத்திலேயே முதியோர் சங்கங்கள் உருவாயின. யாழ்ப்பாணத்துக் கைதடி அரச முதியோர் இல்லம் போன்ற பொது இல்லங்களும் உண்டு. நினைவுக்கான செயற்பாடுகளைச் சிறப்பாக நடத்தும் லங்கா அல்சைமர் அறக்கட்டளையின் மையமோ கொழும்பில் இருக்கிறது. ஊருக்குச் சங்கம் போய்ச் சேர்ந்த அளவுக்கு இந்தப் பயிற்சி போய்ச் சேரவில்லை.

எந்தச் செயற்பாடு பொருந்தும் என்பதை முதியவர்களின் இளமைக்காலம் முடிவுசெய்கிறது. இலங்கையில் 1945-இலேயே இலவசக் கல்வி வந்தது. யாழ்ப்பாணத்து ஆச்சிக்குப் பத்திரிகையை உரக்க வாசிப்பதும், கடிதம் எழுதுவதும் பழகிய வேலைகள். 1951-இல் இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவீதம்தான். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டியிடம் சொல் விளையாட்டுத் தாளை நீட்டினால் அவர் கூசிப்போவார். பல்லாங்குழியை வையுங்கள், நடவுப் பாட்டைக் கேளுங்கள், கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெயர்களைத் தொலைத்தவரின் விரல்களும் இழையை நேராக இழுக்கும். பழகிய தொழிலின் நினைவு, பெயர் நினைவைவிட நெடுநாள் தங்கும். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பள்ளிக்கூட வசதி பிந்தியே வந்தது. அங்கே காமன் கூத்தும் கொழுந்து கிள்ளிய கதையும்தான் பேச்சைத் திறக்கும்.

மிகப் பெரிய வேறுபாடு இலங்கையின் உள்நாட்டுப் போரினால் வந்தது. சென்னை இல்லமொன்றில் உறவினரிடம் “பழைய ஆல்பம் கொண்டுவாருங்கள்” என்று சொல்வது எளிது. 1995-இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளியேறியவர்களிடமும், 2004-இல் கடற்கோளுக்கு வீட்டைக் கொடுத்தவர்களிடமும், 2009-இல் வன்னியிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர்களிடமும் அதைக் கேட்பது கொடுமை. அங்கே படம் இல்லாத இடத்தைக் கைவேலை நிரப்ப வேண்டும். பனையின் சார்வோலையை வார்ந்து கொடுத்தால் கடகப் பெட்டி பின்னுகிறார்கள். நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்ததும் பிட்டு அவித்த அடுப்படியைப் பற்றிப் பேச்சு வருகிறது. வீடு, பிள்ளைகள் என்று தொடங்காமல் தொழிலிலிருந்து தொடங்குவது நல்லது. கண் கலங்கினால் செயற்பாட்டை நிறுத்திப் பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் ஊர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்த இலங்கையின் வடக்கில் அந்தத் திறமை இருக்கிறது. இந்தியாவின் பயிற்சி நூல்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இரு கரைக்கும் பொதுவான செல்வமும் உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கேட்டார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ என்றால் இரு கரையிலும் எண்பது வயது முகங்கள் மலரும். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரியில் குடியேறியவர்கள் பலர் இப்போது முதியவர்கள். அவர்களின் பத்து வயது ஹட்டனிலும் பதுளையிலும் இருக்கிறது. கோத்தகிரியில் அவர்களைப் பராமரிப்பவர் இலங்கையைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.

இரு நாட்டு இல்லங்களுக்கும் ஒரே குறையும் உண்டு. பெற்றோரின் நினைவு நாளிலும் பிள்ளைகளின் பிறந்த நாளிலும் அன்னதானம் கொடுக்கப் பலர் வருகிறார்கள். முதியவர்கள் எப்போதும் வாங்குபவர்களாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். “ஆச்சி, இந்த விளிம்பை எப்பிடி மடிக்கிறது?”, “பாட்டி, இதுக்கு எத்தனை புள்ளி வைக்கணும்?” என்று கேட்கும்போது அவர் கொடுப்பவராகிறார். ஆகவே, இல்லத்தில் சேரும் நாளில் எழுதும் படிவத்தில் நோய்களோடு நான்கு கேள்விகளும் இருக்கட்டும்: என்ன வேலை செய்தார், எந்தப் பாட்டுப் பிடிக்கும், எந்தத் திருவிழாவுக்குப் போவார், எதைக் கேட்கக் கூடாது. இதற்குப் பெரிய செலவில்லை. சென்னை தன் 14 அமர்வுகளையும் இலங்கையின் வடக்கு, பக்கத்தில் இருந்து கேட்கும் தன் பழக்கத்தையும் பகிர்ந்துகொண்டால், ஒரு மணி நேரத்தை ஒதுக்குவது மட்டுமே ஒவ்வோர் இல்லத்துக்கும் மிச்சமிருக்கும் வேலை.