கழற்றி வைக்கிற வீடு

தொண்டிக்குப் பக்கத்தில் திருவெற்றியூர் பாகம்பிரியாள் கோயில். வியாழக்கிழமை போய் இரவு தங்கி, வெள்ளி காலையில் கும்பிட்டுத் திரும்புவது அங்கே வழக்கம். பஸ் வருமுன் ஜனங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். முதல் நாள் வரை எருவும் நெல்மூட்டையும் ஏற்றிய பாரவண்டிக்கும் அந்த யோகம் உண்டு. பக்கக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, மூங்கில் பிளாச்சை வளைத்துப் பாய் போர்த்திய கூண்டைத் தூக்கி வைத்து, நாலு மூலையிலும் கயிற்றால் இறுக்கினால் வீடு தயார். சரக்கு வண்டியைக் குடியிருக்க மாற்றும் கலையில் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண்.

படுக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வைக்கோல், மேலே ஜமுக்காளம். வைக்கோல் குலுக்கலைத் தாங்கும். வழியில் அதையே உருவி மாட்டுக்குப் போடலாம். போகும்போது மெத்தை, வரும்போது வெறும் பலகை! கூண்டின் முன்னும் பின்னும் திறப்பு. கடல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். ராத்திரிக்கு வண்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு.

இவை எல்லாவற்றையும்விட நான் ரசிப்பது வண்டிக்காரரின் எடைக் கணக்கை. "அப்பத்தா, கொஞ்சம் முன்னால நகண்டு உக்காருங்க" என்று அவர் சொல்வது மரியாதைக்காக அல்ல. பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகும். சற்றே முன்பாரம், அதுதான் பதம். அமெரிக்காவில் ஆறுக்குப் பன்னிரண்டு அடி சரக்கு டிரெய்லரை வாங்கி, தாங்களே கட்டிலும் அடுப்பும் பொருத்திக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிறார்கள். அவர்களுடைய கணக்கும் இதேதான்: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்; ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். கனமான அலமாரியைப் பின்சுவரில் அடித்துவிட்டு அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களை அந்த வண்டிக்காரரிடம் ஒருநாள் அனுப்பலாம்.

நம் காலத்துக் கூண்டு என்றால் நாமக்கல் அருண் பிரபுவின் 'சோலோ 01'. கட்டடக்கலை படித்த இளைஞர். பழைய பஜாஜ் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை என்று அடுக்கினார். இடிபாடுகளிலிருந்தும் பழைய வண்டிகளிலிருந்தும் பொறுக்கிய பொருள். செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். 2021இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பாராட்டியதும் படம் ஊரெல்லாம் சுற்றியது. பலரும் வியந்தது 600 வாட் சூரியத் தகட்டை. எனக்குப் பிடித்தது வீட்டை ஆட்டோவோடு பிணைக்கும் ஆறு போல்ட்கள். அவற்றைக் கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி. ஒரு குறை சொல்வதானால், 250 லிட்டர் தொட்டி: நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 250 கிலோ. மூன்று சக்கரத்துக்கு அது அதிகம். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்வதே மேல்.

ஆலப்புழையில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களை 1990களில் படகு வீடாக்கினார்களே, அதுவும் இதே ஜாதிதான். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த உடல், மேலே மூங்கில் பாய்க் கூரை. கண்ணுக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் குளிர்சாதனமும் குளியலறையும் ஏறிய வள்ளம் மறுபடி நெல் ஏற்றப் போவதில்லை. பிழைப்பை விட்டுவிட்டு அலங்காரமாக நிற்கும் வண்டியின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை.

தொண்டியில் இன்று யாராவது சரக்கு வண்டியை வீடாக்குவதானால், மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றுகிற, குட்டி யானை என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டியில்தான் தொடங்குவார்கள். ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், முக்கால் டன் பாரம். ஒருவர் காலை நீட்டிப் படுக்கப் போதும். ஓடும்போது பின்னால் ஆள் உட்காரக் கூடாது என்பது ஒருபுறம். மறுபுறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டாம்.

சட்டம் சம்மதித்தாலும் உப்புக்காற்று சம்மதிக்காது. சாதா பிளைவுட் இங்கே சீக்கிரம் ஊதிப் பிரியும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்தான் நிற்கும், அதிலும் அறுத்த விளிம்புக்கு பெயின்ட் அடித்தாக வேண்டும். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் பொடிந்துபோகும். நடுவே ரப்பர் வாஷர் வேண்டும். போல்ட்டுக்கு 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள், மாலிப்டினம் சேர்ந்த 316 வாங்குங்கள். முடுக்கும்போது மரையில் பற்றாமலிருக்க கிரீஸ் தடவ வேண்டும், எஸ்.எஸ். நட்டை எஸ்.எஸ். போல்ட்டில் காய்ந்தபடி இறுக்கினால் மரை பற்றிக்கொண்டு, பிறகு கட்டர் வைத்து அறுத்தால்தான் கூண்டு கழலும்.