நுனிப் பழம்

ஸ்கந்தபுரத்தில் எங்கள் முந்திரிகைப் பந்தல் நிறையக் குலை. கருநீலம் ஏறி, மேலே சாம்பல் படிந்து கிடக்கிறது. வந்த வியாபாரி காம்படியில் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "இனிப்புத்தானே, வெட்டுவம்" என்றார். நான் நுனியில் ஒன்றைக் கிள்ளி நீட்டினேன். கடித்தார். கண் சுருங்கியது.

நுனிப் பழத்தைக் கேட்டுத்தான் கத்தரிக்கோல் எடுக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் சட்டம். உரும்பிராய்ச் செம்மண்ணில் முந்திரிகை வளர்த்தவர். 1995 இடப்பெயர்வில் வன்னிக்கு வந்தவர். குலை காம்படியில் பழுக்கத் தொடங்கி நுனியில் முடிக்கும். எங்கள் இஸ்ரேல் புளூ இனத்தில் நிறம் முந்தும், இனிப்புப் பிந்தும். மாம்பழம் போல வைக்கோலுக்குள் வைத்துப் பழுக்கப்பண்ணவும் ஏலாது. கொடியில் ஏறாத இனிப்பு பிறகு ஏறவே ஏறாது.

பழத்தை வாயில் போட்டால் பெரியப்பா பேசமாட்டார். தோலை முன்பல்லால் உரிப்பார், சதையை நாக்கில் நிறுத்துவார், விதையை உள்ளங்கையில் துப்பி வெயிலில் பிடிப்பார். பச்சை தெரிந்தால், "கிடக்கட்டும்." மண்ணிறமென்றால்தான் வெட்டு. விதையில்லாப் பழமே பழம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் விதை இல்லாவிட்டால் அவர் எதைப் பார்த்து நாள் சொல்லியிருப்பார்?

வைனும் இந்த வெட்டு நாளில்தான் தொடங்குகிறது. சாற்றில் லீற்றருக்கு ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரம். முந்தி வெட்டினால் அந்தக் குறையைக் கடைச்சீனிதான் நிரப்பும். இப்போது நத்தாருக்கு வீட்டு வைன் என்று வருவதில் பாதி வெறும் பாணி. தோல் ஊறித் தரவேண்டிய துவர்ப்பையே காணோம். விதையை நசித்த கைப்பு மட்டும் தொண்டையில் நிற்கிறது.

தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகளின் தோலகட்டி வைனை நினைக்கிறேன். எங்கள் சைவ வீட்டில் அது மருந்து அலுமாரியில் இருந்தது. பிள்ளைப்பெற்றவளுக்கு ஒரு கரண்டி. போத்தல் மூடியை நக்கியபோது அறிந்த துவர்ப்பு இன்னும் நாக்கடியில் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கு வெறிச்சோடியபோது அந்தத் துறவிகளும் இடம்பெயர்ந்தார்கள்.

மழை பட்டால் பழம் வெடிக்குமென்று வியாபாரி வெருட்டிவிட்டுப் போனார். பொய்யில்லை, அக்கராயன் பக்கம் கறுத்துத்தான் கிடக்கிறது. இன்று காலையும் ஒரு நுனிப் பழத்தைக் கடித்தேன். விதையில் ஒரு பக்கம் மண்ணிறம். மறுபக்கம் இன்னும் பச்சை.