தலைமைச் சுரமும் மெய்ப்பாடும்

மேலைநாட்டிசை பயிலப் புகும் நம் மாணவர் முதலிற் கேட்கும் விதிகளுள் ஒன்று, மேஜர் என்னும் சுரவரிசை உவகையையும் மைனர் என்னும் வரிசை அவலத்தையும் பிறப்பிக்கும் என்பதாம். நினைவிற் கொள்ள எளிதாகலின் இவ்விதி ஆராயாது ஏற்கப்படுகின்றது. அது எத்துணைப் பொருத்தமுடைத்து என ஈண்டு நோக்குவாம்.

மேஜர் வரிசை நம் சங்கராபரணத்தை ஒத்தது. இயல்பான மைனர் வரிசை நடபைரவியை ஒத்தது. அதன் நிஷாதத்தை உயர்த்தினாற் கீரவாணியாகும். இரண்டனையும் பிரித்துக் காட்டும் தலையாய வேறுபாடு காந்தாரத்தில் உள்ளது. சட்சத்தினின்றும் நான்கு அரைச்சுரம் உயர்ந்து நிற்பது அந்தர காந்தாரம். மூன்று உயர்ந்து நிற்பது சாதாரண காந்தாரம். முன்னையது மேஜருக்கும் பின்னையது மைனருக்கும் உரியன. எனினும் இவை ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் 'சி' முதலாக ஏறின் மேஜர் பிறக்கும். 'ஏ' முதலாக ஏறின் மைனர் பிறக்கும். கட்டைகள் மாறவில்லை, தலைமையே மாறிற்று.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மாதரி ஆயர் மகளிர் எழுவரை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகின்றாள். அவ்வெழுவர் வட்டத்தில் யாரை முதல்வியாகக் கொள்கின்றோமோ அதற்கேற்பப் பாலை வேறுபடும். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலிலும் இவ்விசைமரபு விரிவாக ஆராயப்பட்டது. செம்பாலையை அரிகாம்போதி எனக் கொள்வார் கருத்துப்படி, துத்தம் முதலாயது படுமலைப்பாலை, அதுவே நடபைரவி. உழை முதலாயது அரும்பாலை; அதுவே சங்கராபரணம். ஐரோப்பாவில் 1547இல் கிளேரியன் என்பார் தம் நூலில் இவ்விரண்டற்கும் ஒத்த வரிசைகட்கு இடமளித்தார். காலப்போக்கில் ஆண்டு இவ்விரண்டுமே மேலோங்கின; எழுவருள் இருவரே தலைமை பெற்றனர் எனலாம்.

இனி, மெய்ப்பாட்டிற்கு வருவாம். குளுக் என்பார் 1762இல் அரங்கேற்றிய ஓபராவில், மனைவியை இழந்த ஓர்பியஸ் புலம்பும் புகழ்பெற்ற பாடல் மேஜரிலேயே அமைந்தது. பாக் இயற்றிய துள்ளலான பாடினரி என்னும் உருப்படியோ மைனரில் அமைந்தது. நம் இசையிலும் அந்தர காந்தாரம் உடைய சகானா கருணைச் சுவைக்குப் பெயர்போனது. சாதாரண காந்தாரம் உடைய ஆனந்தபைரவி தாலாட்டிற்கும் மங்கலப் பாடல்கட்கும் உரியதாயிற்று. ஆகவே, சுவை காந்தாரம் ஒன்றிலே குடியிருப்பதன்று. கமகம், காலம், சொல், பாடுவோன் குரல் ஆகிய அனைத்தும் கூடியே அதனைப் பிறப்பிக்கின்றன.

அங்ஙனமாயின் அவ்விதி முற்றும் பொய்யோ எனின், அன்று. சுரங்களை அடுக்கி ஒருங்கே ஒலிப்பிக்கும் மேலை இசையில், புலவர் பல தலைமுறையாக அவ்வழக்கைப் பேணினர். செவிகளும் அதற்குப் பழகின. பழக்கத்தை இயற்கையெனக் கொள்வதே பிழை.

இப்பிழை வன்னியிலுள்ள நமக்குச் சிறியதன்று. வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளையிற் கூடுவோர்க்குக் கண்ணகி ஏட்டுப் பாத்திரம் அல்லள். முல்லைத்தீவுக் கோவலன் கூத்திலே அவள் புலம்பக் கேட்டுக் கண்ணீர் உகுப்போர், அது மேஜரோ மைனரோ எனக் கேட்டு அழுவதில்லை. ஆயினும் இன்று கூத்துப் பாட்டிற்கு ஓகன் வாசிக்க முற்படும் இளைஞர், அழுகை என்றவுடன் மைனர் அடுக்கினைத் தேடி, அண்ணாவியாரின் மெட்டை அதற்குள் வளைக்கின்றனர். அவ்வாறு வளைக்குமிடத்து மெட்டின் உயிர் போய்விடுகின்றது.

மாணவர் மேஜரையும் மைனரையும் நன்கு கற்க. அவை பயனுடைய பெயர்கள். ஆனால் முதலில் அண்ணாவியாரைப் பாடவிட்டுக் கேட்க. எச்சுரம் தலைமை பூண்டு நிற்கின்றது எனக் காண்க. பெயரிடுவது அதன் பின்னரே ஆகுக. குரவை தொடங்குமுன் மாதரி எழுவரையும் நிறுத்திய பின்னரன்றோ பெயரிட்டாள்!