முழங்கை டேப்பும் மரத்துப்போகும் சுண்டுவிரலும்

முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் உண்டு. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை கரண்ட் அடிக்கும். அல்நார் நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழே, பாதுகாப்பே இல்லாமல் போகிற இடம் அது. கையை மடக்கினால் பள்ளத்தின் மேலிருக்கும் நார்ப்பட்டை இறுகுகிறது; நரம்பு இழுபட்டு நசுங்குகிறது. நாள்கணக்கில் இது தொடர்ந்தால் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும், பிடி தளரும். கையில் வரும் நரம்பு நெருக்கங்களில் மணிக்கட்டில் வருவதற்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் நடக்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். கிரேன் அறையில் கைப்பிடியைப் பற்றியபடி முழங்கையை ஊன்றியிருப்பவர், சன்னல் விளிம்பில் கையை வைத்து டிரெய்லர் ஓட்டுபவர், மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குபவர், மேசையில் சாய்ந்து சரக்குக் கணக்கு எழுதுபவர் என எல்லோருடைய முழங்கையும் மடங்கியோ அழுந்தியோதான் இருக்கிறது. விரல் மரக்கும்போது இவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் பரிந்துரைகளில் ஒன்று, விளையாட்டு வீரர்கள் ஒட்டிக்கொள்ளும் நீல, கறுப்பு நிற டேப்.

ஜப்பானில் கென்சோ காசே 1970களில் உருவாக்கியது இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்களின் தோளிலும் காலிலும் தெரிந்த பிறகு உலகெங்கும் பரவியது. பருத்தித் துணியில் மீள்இழையும் அக்ரிலிக் பசையும் சேர்ந்தது. ஒருமுறை ஒட்டினால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும் என்பார்கள். தோலை மெல்ல மேலே தூக்கி உள்ளே இடம் உண்டாக்குகிறது, ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம்.

நரம்பு தோலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் முழங்கையில் இந்த வாதம் நம்பத்தக்கதாகவே தோன்றும். ஆனால் நரம்பை நெருக்குவது தோல் அன்று, அதன் அடியிலிருக்கும் உறுதியான நார்ப்பட்டை. தோலைத் தூக்குவதால் அது தளர்ந்துவிடாது. வெவ்வேறு மூட்டு வலிகளுக்கு இந்த டேப்பைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இழுவிசையே இல்லாமல் சும்மா ஒட்டிய டேப்பைவிட இது பெரிதாக உதவியதாகக் காணவில்லை. முழங்கை நரம்பு நெருக்கத்துக்கென்று தனியாக இருக்கும் சான்றுகளோ மிகச் சொற்பம்.

அதற்காக இதைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. கை மடங்கும்போது டேப் தோலை இழுக்கும். 'நீட்டு' என்று நினைவூட்டும். இந்த நினைவூட்டல் சாதாரணமானதில்லை. 2009இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், லேசான, நடுத்தர நெருக்கம் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு இரவுக் கட்டும் இன்னொரு பிரிவினருக்கு நரம்புப் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எதனால் இது வருகிறது, எதைத் தவிர்க்க வேண்டும் என்ற விளக்கம் மட்டுமே. மூன்று பிரிவிலும் பெரும்பாலோர் தேறினார்கள். கட்டும் பயிற்சியும் கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. ஆக, முழங்கையை மடக்காமல், ஊன்றாமல் இருப்பதே மருந்து. அதை ஞாபகப்படுத்தும் அளவுக்கு டேப் உதவலாம். தூங்கும்போது முழங்கையில் தளர்வாகச் சுற்றிய துண்டும் அதையே செய்யும், செலவில்லாமல்.

சிக்கல் தொடங்குவது வேலைத்தளத்தில். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்த இந்தக் கரையில் டேப்பின் ஓரம் சீக்கிரமே கிளம்பும். அடியில் அரிப்பும் கொப்புளமும் வரலாம். பள்ளத்தின் மேலேயே இறுக்கி ஒட்டினால் ஏற்கெனவே நசுங்கிய நரம்பை மேலும் அழுத்தும். இவற்றைவிடப் பெரிய குறை, டேப் தரும் தெம்பு. வலி கொஞ்சம் குறைந்ததும் மனிதர் அதே இருக்கைக்கு, அதே மூட்டைக்குத் திரும்பிவிடுகிறார். நரம்போ உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. சேதமான நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், அதுவரை தசை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தள்ளிப்போட்ட பிறகு அறுவை சிகிச்சை செய்தும் பிடிபலம் முழுதாகத் திரும்பாமல் போவது இதனால்தான்.

நம் நாட்டில் இன்னொரு காரணத்துக்காகவும் எச்சரிக்கை தேவை. தொழுநோய் முதலில் தாக்கும் நரம்புகளில் இதே அல்நார் நரம்பும் ஒன்று. தாக்குவதும் பெரும்பாலும் முழங்கை அருகில். டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியது இந்த நோயாளிகளுக்காகத்தான். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே கண்டால் இலவச மாத்திரையில் குணமாகும் நோயை டேப்புக்கு அடியில் மாதக்கணக்கில் மறைத்து வைப்பது பெருங்கொடுமை. சர்க்கரை நோயும் இப்படி விரலை மரக்கச் செய்யும்.

முழங்கையை மடக்காதே என்று தினக்கூலிக்காரரிடம் சொல்வது எளிது. மடக்காமல் வேலை பார்க்க அவருக்கு யார் வசதி செய்து தருவது? துறைமுகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த வ.உ.சி. 1908இல் கோரல் மில் தொழிலாளருக்காகக் கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. ஓய்வை உரிமையாகக் கேட்ட ஊரில், கிரேன் இருக்கைக்கு மெத்தை வைத்த கைதாங்கியும், இடையிடையே வேலை மாற்றிக் கொடுப்பதும் பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒப்பந்தக்காரர்களும் தொழிற்சங்கங்களும் இதைப் பேச வேண்டும்.

டேப் ஒட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில வாரத்தில் மரப்பு குறையவில்லை என்றாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்தாலோ, தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தாலோ டேப்பை எடுத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரிலேயே இருக்கிறது.